‘நான் சொன்னேன்னு சொல்லுங்க’: மடல்கள் கைகோத்து வளர்வது எப்படி?

“அண்ணே, ஒரு கொலாப் போடலாமா?”

மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். கொலாப் என்பது கொலாபரேஷன், இரண்டு பேர் கைகோத்து வேலை செய்வது. பெரும்பாலும் கம்பம், கூடலூர், குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்துப் பிள்ளைகள். சரி, கொலாப் என்றால் என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். “உங்க பேரை நான் போடுறேன், என் பேரை நீங்க போடுங்க” என்பார் ஒருவர். “சேர்ந்து ஒரு லைவ் போவோம்” என்பார் இன்னொருவர். “உங்க லிஸ்ட்டை எனக்கு அனுப்புங்க, என் லிஸ்ட்டை உங்களுக்கு அனுப்புறேன்” என்று வாசகர் முகவரிப் பட்டியலையே கேட்டவர்களும் உண்டு. மூன்றும் வேறு வேறு காரியம். மூன்றாவது செய்யவே கூடாத காரியம். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டதால்தான் இவ்வளவு குழப்பம்.

நான் கம்பத்தில் இருந்து வாரம் ஒரு நியூஸ்லெட்டர் எழுதுகிறேன். மின்னஞ்சலில் சனிக்கிழமை காலை போகும். அந்த வாரம் ஏலக்காய் ஏலத்தில் விலை எப்படிப் போனது, மலையில் மழை எப்படி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு பாதைகளில் எங்கே மண் சரிந்து கிடக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்தக் கட்டுரையில் அதை மடல் என்றே சொல்கிறேன். மடல் வேண்டும் என்று தானே முகவரி கொடுத்தவர் சந்தாதாரர். காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அவர் சந்தாதாரர்தான்.

மசாலாக் கடையில் நடப்பது

குமுளி பஸ் ஸ்டாண்டில் இறங்கித் தேக்கடி ரோட்டில் நடந்தால் இரண்டு பக்கமும் மசாலாக் கடைகள். சுற்றுலா வந்த ஒரு குடும்பம் ஒரு கடையில் ஏலக்காய் வாங்குகிறது என்று வையுங்கள். கடைக்காரர் காயை உடைத்துக் காட்டி, முகர்ந்து பார்க்கச் சொல்லி, நிதானமாக எடை போட்டுக் கொடுக்கிறார். வாங்கி முடித்த பிறகு அந்த அம்மா கேட்கிறார்: “இங்கே நல்ல டீத்தூள் எங்கே கிடைக்கும்?”

“நாலு கடை தள்ளிப் போங்கம்மா, பச்சை போர்டு. நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

அந்தக் குடும்பம் நேராகப் பச்சை போர்டுக்குப் போகும். நடுவில் இருக்கும் டீத்தூள் கடைக்காரர்கள் எத்தனை முறை கூப்பிட்டாலும் ஏறாது.

இங்கே என்ன நடந்தது என்று கொஞ்சம் நின்று பாருங்கள். ஏலக்காய்க் கடைக்காரர் தன் வாடிக்கையாளரின் போன் நம்பரை டீத்தூள் கடைக்காரருக்குக் கொடுக்கவில்லை. அந்த அம்மா தன் காலால் நடந்து, தன் விருப்பத்தில் போனார். கடைக்காரர் கொடுத்தது தன் பெயரை. உடைத்துக் காட்டிய ஏலக்காய் நன்றாக இருந்ததால், அந்த நம்பிக்கையில் ஒரு துண்டு டீத்தூளுக்கும் போய்ச் சேர்ந்தது. டீத்தூள் மட்டமாக இருந்தால் அந்த அம்மா திட்டப்போவது இரண்டு பேரையும்தான். ஆகவே அந்தக் கடைக்காரர் கண்டவர் பெயரையும் சொல்ல மாட்டார்.

மடல்களுக்கு இடையே நடக்கும் கொலாப் முழுக்க இதுதான். ஒருவர் தன் வாசகரிடம் சம்பாதித்த நம்பிக்கையை இன்னொருவருக்குக் கொஞ்ச நேரம் கடன் கொடுக்கிறார். இதற்குப் பரிந்துரை என்று பெயர் வைத்துக்கொள்வோம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பரிந்துரைத்தால் அது மாற்றுப் பரிந்துரை.

மடலுக்கு மட்டும் ஏன் இது இவ்வளவு அவசியம்?

யூடியூபில் வீடியோ போட்டால் உங்களை அறியாத ஒருவரின் திரையில் அதைக் கொண்டுபோய் நிறுத்த அங்கே ஓர் இயந்திரம் இருக்கிறது. அது ராத்திரி பகலாக ஆள் பிடித்துக் கொடுக்கும். மின்னஞ்சலில் அப்படி ஒன்றும் கிடையாது. என் மடல் ஒருவரின் பெட்டிக்குள் விழுந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கு அது தெரியவே தெரியாது. தெருவில் நின்று எட்டிப் பார்க்க முடியாத வீடு அது.

மடலின் பலமும் அங்கேதான் இருக்கிறது. யார் கண்ணில் காட்டலாம், யாருக்கு மறைக்கலாம் என்று நடுவில் ஒரு நிறுவனம் தீர்மானிப்பதில்லை. முகவரிப் பட்டியல் மடல் எழுதுபவரிடமே இருக்கிறது. நாளைக்கு ஒரு செயலி மூடப்பட்டாலும் பட்டியலை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போகலாம். ஆனால் புது ஆள் தானாக வந்து சேர மாட்டார். யாராவது ஒருவர் வாயால் சொல்ல வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டுதான் மடல் அனுப்பும் சேவைகளே இதற்கு வசதி செய்ய ஆரம்பித்தன. சப்ஸ்டாக் என்ற சேவை 2022-ல் பரிந்துரை வசதியைக் கொண்டுவந்தது. ஒருவர் உங்கள் மடலுக்கு முகவரி கொடுத்து முடித்த அடுத்த நொடியே, நீங்கள் பரிந்துரைக்கும் மற்ற மடல்கள் அவருக்குக் காட்டப்படும். மற்ற சேவைகளும் பின்னாலேயே இதே வசதியைக் கொடுத்தன. எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. சில இடங்களில் அந்தப் பட்டியலில் ஏற்கெனவே டிக் போட்டே வரும். அவசரத்தில் ‘சரி’யை அழுத்தியவர், தான் நாலு மடலில் சேர்ந்ததையே அறிய மாட்டார். அப்படி வந்தவர் என் டீத்தூள் கடைக்கு நடந்து வந்தவர் இல்லை, கூட்டத்தில் தள்ளி விடப்பட்டவர்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: மடலைத் தானாகக் கண்டுபிடிக்க வழி இல்லை, ஆகவே இன்னொருவரின் வாய்ச்சொல் வேண்டும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் அவருடைய பெயர் நிற்க வேண்டும்.

பெரிய பட்டியல் என்றால் நிறையப் புது ஆட்களா?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் கணக்கைத் தவற விடுகிறார்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்களுக்கு 400 சந்தாதாரர்கள். அதே கம்பத்தில், அதே ஏலக்காய் விவகாரத்தை எழுதும் நண்பருக்கு 600 பேர். குமுளியில் சமையல் மடல் எழுதும் ஓர் அக்காவுக்கு 250 பேர். யாரிடம் கொலாப் கேட்பீர்கள்?

கம்பத்து நண்பரின் 600 பேரில் 350 பேர் ஏற்கெனவே உங்கள் மடலையும் வாங்குகிறவர்கள் என்றால், அவர் சொல்லால் உங்களைப் புதிதாகக் கேள்விப்படப் போவது 250 பேர்தான். குமுளி அக்காவின் 250 பேரில் பொதுவானவர் 20 பேர் என்றால் புதியவர் 230. பட்டியல் பாதிக்கும் குறைவு, புது முகங்கள் கிட்டத்தட்ட சமம். தவிர, கம்பத்து நண்பரிடம் இருக்கும் அந்த 250 புதியவர்கள் ஏலக்காய் பற்றி எழுதும் ஒருவரை ஏற்கெனவே படிக்கிறவர்கள், இரண்டாவது ஆள் அவர்களுக்கு அவ்வளவு அவசரம் இல்லை. இரண்டு பட்டியலிலும் இருக்கிறவர்களைப் பொது வாசகர் என்போம். கொலாப் பேசும்போது முதலில் கேட்க வேண்டியது பட்டியல் எவ்வளவு பெரியது என்பதைவிட, பொது வாசகர் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதைத்தான்.

இது இணையம் வருவதற்கு முன்பே தெரிந்த விஷயம். மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் 100-க்கு 17 பேர்தான். மற்றவர்கள் எப்போதாவது பார்ப்போம், அல்லது பார்ப்பதே அபூர்வம் என்றார்கள். காரணம் எளிது. தினமும் கூட டீ குடிக்கிறவருக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆளுக்குத்தான் நமக்குத் தெரியாதது தெரியும்.

ஆனால் தூரம் மட்டும் போதாது. இதை நான் அனுபவத்தில் கற்றேன். சினிமாச் செய்தி போடும் பெரிய பக்கம் ஒன்று என் மடலைப் பற்றி ஒரு நாள் சொன்னது. இரண்டு நாளில் என் பட்டியல் வேகமாக ஏறியது. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். அடுத்த சனிக்கிழமை மடல் போனதும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. புதுப்படச் செய்தி படிக்கிற ஒருவருக்குப் புற்றடி ஏலக்காய் ஏலத்தில் காய் என்ன விலைக்குப் போனது என்று ஏன் தெரிய வேண்டும்?

ஆக, ஆள் வேறாக இருக்க வேண்டும், ஆர்வம் பக்கத்து வீடாக இருக்க வேண்டும். சமையல் செய்கிறவர் ஏலக்காய் வாங்குகிறார். ஏலக்காய் விற்கிறவர் மழையைப் பார்க்கிறார். மழையைப் பார்க்கிறவர் மலைப்பாதையைப் பார்க்கிறார். இப்படி ஒன்றிலிருந்து ஒன்று தொட்டுக்கொண்டு போகும் மடல்கள்தான் சேர வேண்டியவை.

ஒரு வரியில் என்ன இருக்கிறது?

குமுளி அக்கா என்று சொன்னேனே, அவர் நிஜமான ஆள். முதல் தடவை அவர் தன் மடலின் கடைசியில் என்னைப் பற்றி இப்படி எழுதினார்: “கம்பத்திலிருந்து என் தம்பி எழுதும் அருமையான மடல். அனைவரும் அவசியம் சேருங்கள்.” அன்பு நிறைந்த வரி. வந்தவர்கள் மிகச் சிலர்.

இரண்டு மாதம் கழித்து அவரே இன்னொரு முறை எழுதினார். இந்தத் தடவை ஒரு பாயச மடலின் நடுவில், ஏலக்காய் சேர்க்கும் இடத்தில்:

“பளபளன்னு பச்சையா இருக்கிற காயைத்தான் நானும் பொறுக்கி வாங்கிட்டு இருந்தேன். ஈரத்துணியில தேய்ச்சுப் பாருங்க, சாயம் ஒட்டுதான்னு தெரியும்னு கம்பத்துத் தம்பி மடல்ல எழுதியிருந்தாரு. தேய்ச்சேன். துணி பச்சையாயிடுச்சு. அன்னிக்கு இருந்து அவர் மடலைப் படிக்காம நான் ஏலக்காய் வாங்குறதில்லை.”

அன்று முகவரி கொடுத்தவர்களில் பலர் இன்றும் எனக்குப் பதில் எழுதுகிறவர்கள். இரண்டு வரிகளுக்கும் உள்ள வித்தியாசம் அழகில் இல்லை. முதலாவது, அக்கா என்னைப் பாராட்டியது. இரண்டாவது, அக்காவுக்கு என்னால் என்ன ஆனது என்பது. வாசகருக்கு என்னைத் தெரியாது, அக்காவைத் தெரியும். அக்காவின் சமையல்கட்டில் பச்சையான துணியை அவர்களால் பார்க்க முடிகிறது. இன்னொன்று, அந்த வரி வந்த இடம். ஏலக்காய் பற்றி வாசகர் நினைத்துக்கொண்டிருக்கும் நொடியில் வந்தது. குமுளிக் கடையில் அந்த அம்மா தானாக டீத்தூள் பற்றிக் கேட்டாரே, அந்த நொடி.

அதனால் யாராவது என்னைப் பரிந்துரைக்க முன்வந்தால் நான் வரி எழுதிக் கொடுப்பதில்லை. என் பழைய மடல்கள் நாலைந்தை அனுப்பி, உங்களுக்கு ஏதாவது பயன்பட்டால் அதை மட்டும் சொல்லுங்கள் என்கிறேன். பயன்படவில்லை என்றால் சொல்லாமல் இருப்பது இரண்டு பேருக்கும் நல்லது.

விருந்தினர் மடல்

பரிந்துரையைவிட ஆழமானது விருந்தினர் மடல். ஒருவர் மடலில் இன்னொருவர் ஒரு வாரம் முழுதாக எழுதுவது. ஒரு வரி செய்வதைவிட இது பல மடங்கு வேலை செய்யும், ஏனென்றால் வாசகர் சாப்பிட்டுப் பார்த்துவிட்டே முடிவெடுக்கிறார். உழைப்பும் அவ்வளவு அதிகம். உங்கள் சிறந்த எழுத்தை அடுத்தவர் வீட்டுக்குக் கொடுக்க மனசு வர வேண்டும். மிச்சம் மீதியைக் கொடுத்தால் அந்த வாசகர் உங்களைப் பற்றி அறிவது மிச்சம் மீதியைத்தான்.

எழுத்தாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கேரளப் பக்கம் வண்டிப்பெரியாறில் ஒரு தம்பி குரல் பதிவுகள் போடுகிறார். அங்கே தோட்டத்துக் குடும்பங்களில் வீட்டில் பேசுவது தமிழ், பிள்ளைகள் பள்ளியில் படித்தது மலையாளம் என்று நிறையப் பேர் இருக்கிறார்கள். தமிழ் கேட்டால் முழுசாகப் புரியும், எழுத்துக் கூட்டிப் படிக்க நேரம் எடுக்கும். என் மடலை எவ்வளவு எளிதாக எழுதினாலும் அவர்களிடம் போய்ச் சேரவில்லை. அந்தத் தம்பி வாரம் ஒரு முறை மடலின் மழை, பாதை பகுதியை மூன்று நிமிடத்தில் வாசித்துப் போட ஆரம்பித்தார். பதிலுக்கு அவர் பதிவின் இணைப்பு என் மடலின் மேலேயே இருக்கும். என் மடலை வாங்கும் கம்பத்துக்காரர்களில் ஜீப் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும்போது அவர்களும் அதைக் கேட்கிறார்கள். எங்கள் இரண்டு பேருக்குமே எட்டாத ஆட்கள் இப்படித்தான் கிடைத்தார்கள்.

பட்டியலை மாற்றிக்கொள்வது

இப்போது அந்த மூன்றாவது பதிலுக்கு வருகிறேன். தயவு செய்து இதைச் செய்யாதீர்கள்.

உங்களிடம் முகவரி கொடுத்தவர் உங்கள் மடலுக்காகக் கொடுத்தார். அதை இன்னொருவரிடம் கொடுப்பது, கடைக்கு வந்த அம்மாவின் போன் நம்பரை அவருக்குத் தெரியாமல் தெரு முழுக்கக் கொடுப்பதற்குச் சமம். 2023-ல் நம் நாட்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும் இதுதான்: எந்த வேலைக்குச் சம்மதித்து ஒருவர் தன் தகவலைக் கொடுத்தாரோ, அந்த வேலைக்குத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும்.

இதில் உடனே அடிபடுவது உங்கள் மடல்தான். கேட்காத மடல் வந்தால் மனிதர்கள் ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்துகிறார்கள். தேவையில்லாத குப்பை மடல் என்று மின்னஞ்சல் நிறுவனத்திடம் புகார் கொடுப்பது அது. 2024 பிப்ரவரியில் இருந்து ஜிமெயில் இதில் கறாராகிவிட்டது. அந்தப் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, 0.1-க்குக் கீழேயே வைத்திருங்கள் என்கிறது. ஆயிரம் பேருக்கு அனுப்பினால் மூன்று பேர் அழுத்தினாலே ஆபத்து. அதைத் தாண்டினால், ஆசையாகக் காத்திருக்கும் உங்கள் பழைய வாசகருக்கும் மடல் குப்பைப் பெட்டிக்குள் விழத் தொடங்கும்.

நடுவில் ஒரு சுருக்கம்: வாசகர் தன் கையால் முகவரி கொடுத்தால் அது பரிந்துரை. அவர் அறியாமல் முகவரி கை மாறினால் அது கொலாப் என்ற சொல்லுக்குள்ளேயே வராது.

பச்சைக்காயும் உலர்ந்த காயும்

ஏலக்காய் எடுப்பு நடக்கும்போது மூட்டை மூட்டையாகப் பச்சைக்காய் ஸ்டோருக்கு, அதாவது காய் உலர்த்தும் இடத்துக்கு, வரும். பார்க்கவே கண் நிறையும். உலர்த்தி எடுத்தால் ஏறக்குறைய 5 கிலோவுக்கு 1 கிலோதான் நிற்கும். எங்கள் ஊரில் பச்சைக்காயை வைத்து யாரும் லாபக் கணக்கு எழுத மாட்டார்கள்.

கொலாப் போட்ட வாரம் ஏறும் எண்ணிக்கை பச்சைக்காய். ஆறு வாரம் கழித்து எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்பதுதான் எடை. இதைப் பார்க்க ஒவ்வொரு கூட்டாளிக்கும் தனித்தனி இணைப்பு கொடுங்கள். யார் சொல்லி யார் வந்தார் என்று அப்போதுதான் தெரியும். பெரும்பாலான மடல் சேவைகளில் இந்த வசதி உண்டு.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை முழுதாக நம்ப வேண்டாம். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் ஒரு பாதுகாப்பு வசதியைக் கொண்டுவந்தது. அதைப் பயன்படுத்துகிறவர் மடலைத் தொடாவிட்டாலும் திறந்ததாகவே நமக்குக் காட்டும். பதில் எழுதினாரா, இணைப்பைத் தொட்டாரா என்பது உண்மைக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது.

காய் உலரும்போது சுருங்காமல் இருக்க ஒரு வழி, வரவேற்பு மடல். புதிதாகச் சேர்ந்தவருக்கு உடனே போகும் முதல் மடல் அது. அக்கா சொல்லி வந்தவர்களுக்கு நான் தனியாக ஒன்று வைத்திருக்கிறேன். முதல் வரியிலேயே “குமுளி அக்கா சொல்லி வந்திருக்கீங்க, வாங்க” என்று இருக்கும். அடுத்த வரியில் வாரம் ஒன்று, சனிக்கிழமை, விலையும் மழையும் பாதையும் என்று வரப்போவது என்ன என்பதைச் சொல்லிவிடுவேன். பிடிக்கவில்லை என்றால் அன்றே கழன்றுகொள்ள இணைப்பும் கண்ணில் படும்படி இருக்கும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒன்று

கூட்டாளியின் பெயரை மடலின் கடைசியில் போடுவது வழக்கம். தமிழ் மடலில் இதில் ஒரு சிக்கல். ஜிமெயில் ஏறக்குறைய 102 கேபிக்கு மேல் போகும் மடலை நடுவில் வெட்டி, மீதியை ஒரு சின்ன இணைப்புக்குப் பின்னால் மறைத்துவிடும். கணினியில் எழுத்தின் அளவைப் பைட் கணக்கில் பார்ப்பார்கள், சுமார் ஆயிரம் பைட் சேர்ந்தது 1 கேபி. ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ‘கோ’ என்ற ஓர் எழுத்து ‘க’ ஒன்றும் அதன் பக்கத்துக் குறி ஒன்றுமாக 6 பைட். மடலின் வடிவமைப்புக் குறிகளும் இதோடு சேர்ந்துகொள்ளும். அதனால் நீளமான தமிழ் மடல் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் வெட்டுப்படும். என் மடல் ஒன்றில் அக்காவைப் பற்றி நான் எழுதிய பத்தி முழுதும் அப்படி வெட்டுக்குப் பின்னால் போயிருந்தது. அவர் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அன்றிலிருந்து கூட்டாளிகளை மடலின் முதல் பாதிக்குள் வைக்கிறேன்.

எப்படிக் கேட்பது?

நீங்கள் உண்மையிலேயே படிக்கிற மூன்று மடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் அவற்றுக்குப் பதில் எழுதுங்கள். அப்புறம், கேட்பதற்கு முன்னால், அவர்களை உங்கள் மடலில் நீங்களே பரிந்துரைத்துவிடுங்கள். அவர் பட்டியல் பெரிது, என்னுடையது சிறிது என்று தயங்க வேண்டாம். பொது வாசகர் கணக்குப்படி, சிறிய பட்டியலிலும் அவருக்குத் தெரியாத ஆட்கள் இருக்கிறார்கள். பணம் கொடுத்துச் சொல்லச் சொன்னால் மட்டும் அது விளம்பரம் என்று வாசகருக்குத் தெரியும்படி எழுதிவிடுங்கள்.

குமுளி அக்காவுக்கு நான் முதலில் அனுப்பிய செய்தி இன்னும் போனில் இருக்கிறது. மாதிரிக்காக அப்படியே தருகிறேன்:

“அக்கா, வணக்கம். கம்பத்துல இருந்து ஏலக்காய் விலை மடல் எழுதுறேன். உங்க பாயச மடலைப் பார்த்து வீட்டுல செஞ்சோம், அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சது. அதைப் பத்தி இந்தச் சனிக்கிழமை மடல்ல எழுதியிருக்கேன், கீழே அனுப்பியிருக்கேன் பாருங்க. என் மடல் நாலு மாதிரிக்கு வச்சிருக்கேன். உங்க வாசகருக்கு உதவும்னு தோணினா ஒரு வார்த்தை சொல்லுங்க. தோணலைன்னாலும் பாயசத்துக்கு நன்றிக்கா.”